அண்ணி போன வழி

மஞ்சள் தொப்பி இன்னும் கிடைத்தபாடில்லை.

போன வாரம் கேமராக்கா அலமாரியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடியது உங்களுக்கு நினைவிருக்கும். பிறக்கப் போகும் குழந்தைக்கென்று எடுத்து வைத்த துணிகள் எல்லாம் அப்படியே இருந்தன. மூத்ததும் இளையதும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று போட்டிருந்த அந்தப் பிஞ்சுத் தொப்பி மட்டும் இல்லை. எலி தூக்கிப் போயிருக்கும் என்றான் புருஷன். எந்த ஊர் எலி அலமாரியைத் திறந்து, தொப்பியை எடுத்து, மீதியை மடித்து அடுக்கிவிட்டு, போகும்போது கதவையும் சாத்திவிட்டுப் போகும்?

கேமராக்காவிடம் இந்தக் கதையெல்லாம் வேகாது.

பெரிய துணிக்கடை ஒன்றில் பதினாறு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, யார் எதை எடுக்கிறார்கள், எங்கே ஒளிக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கடைப்பெண்கள் வைத்த பெயர்தான் கேமராக்கா. லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் அவள் புருஷன் அதையும் சுருக்கி 'கேமரா' ஆக்கிவிட்டான். எட்டாம் மாதம் தொடங்கியதும் கடையில் லீவு கொடுத்துவிட்டார்கள். உடம்புக்கு லீவு சரி, கண்ணுக்கு யார் லீவு கொடுப்பது?

அந்தக் கண் இப்போது நாத்தனார் மேல் இருந்தது.

நாத்தனார் வந்து மூன்று வாரமாகிறது. "பிரசவம் வரைக்கும் கூடமாட இருக்கேன். எங்க பேக்கரியில அடுப்பு மாத்தறாங்க, எனக்கும் வேலையில்லை" என்று ஒற்றைப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ரொட்டி சுடுவதில் கெட்டிக்காரி. மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறக்கூடியவள். நாற்பது தாண்டியும் மடியில் ஒரு பிள்ளை இல்லை. சின்னவன் பிறந்தபோது பார்க்க வந்தவள், நாள் முழுக்க அவனைக் கீழே விடாமல் வைத்திருந்துவிட்டு, "உனக்குத்தான் ஒண்ணு இருக்கே, இதை எனக்குக் குடுத்துடேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவளும் சிரித்தாள். ஆனால் சிரிப்பு வாயோடு நின்றுவிட்டது, கண்ணுக்கு ஏறவில்லை.

அது பழைய கதை. புதுக்கதை முந்தாநாள் நடந்தது. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நாத்தனார் உள்ளே ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு வரி மட்டும் தெளிவாகக் கதவைத் தாண்டி வந்தது.

"இந்தக் குழந்தையை நான் யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன். கேட்டுக்கோங்க. யாருக்கும்!"

எந்தக் குழந்தையை? இந்த வீட்டில் பிறக்கப் போவது ஒன்றே ஒன்றுதான். அது கேமராக்காவின் வயிற்றில் இருந்தது.

*

காலையில் வீடு வழக்கம்போல் சந்தைக்கடையாக இருந்தது.

பெரியவள் ஒரு காலில் காலுறையோடு இன்னொரு காலுறையைத் தேடிக்கொண்டிருந்தாள். சின்னவன் பூசணி (உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான்) அத்தையின் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான்.

"அத்தை, தூக்கு!"

"தூக்கறதா? நீயே என்னைத் தூக்கற அளவுக்கு இருக்கே. வா, பக்கத்துல உக்காரு" என்று நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கேமராக்கா வெங்காயம் நறுக்கியபடியே கவனித்தாள். வந்த நாளிலிருந்து அவனை ஒரு தடவைகூட இடுப்பில் வைக்கவில்லை. மாவு மூட்டையைத் தூக்குகிறவளுக்கு மூணு வயசுப் பிள்ளை பாரமா? இல்லை, பழசு வேண்டாம், புதுசுதான் வேண்டுமோ?

வெங்காயத்தைக் கொட்டி முட்டையை உடைத்து ஊற்றியதுதான் தாமதம், நாத்தனார் விருட்டென்று எழுந்து பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கையில் ஃபோன்.

தினமும் இதே நேரம். தினமும் ஃபோன். கேமராக்கா அடுப்பை அணைத்துவிட்டு நேரே படுக்கையறைக்குப் போனாள்.

"உங்க அக்கா எப்போ ஊருக்குப் போறாங்க?"

"போவா, போவா. அடுப்பு மாத்தி முடிக்கட்டும்" என்றான் புருஷன், சட்டைப் பொத்தானைப் போட்டபடி.

"மூணு வாரமாவா? அடுப்பை மாத்தறாங்களா, இல்ல அடுப்புக்கு மண்ணு தோண்டிட்டு இருக்காங்களா?"

"ஏய் கேமரா, உன் காலைப் பாரு, எப்படி வீங்கியிருக்கு. அவ இருந்தா உனக்குத்தானே ஒத்தாசை?"

"ஒத்தாசை இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட, 'நான் அவகிட்ட மெதுவா சொல்லிக்கறேன்'னு சொன்னீங்களே. என்னத்தை மெதுவா சொல்லப் போறீங்க?"

பொத்தான் ஒரு துளை தள்ளிப் போய் விழுந்தது. அவன் அதைச் சரிசெய்யாமலே ஃபோனை எடுத்துப் பார்த்தான்.

"அடடா, லிஃப்ட் ஒண்ணு பாதியில நிக்குதாம். உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்க. சாயந்திரம் பேசுவோம்."

மாட்டிக்கொண்டது யார் என்று அவளுக்குத் தெரியும்.

பெரியவளுக்குத் தலை பின்ன உட்கார்ந்தாள். அது வாயாடி. சீப்பு தலையில் ஏறும்போதே வாய் திறந்துகொள்ளும். மடியில் இரண்டு பொம்மைகளை வைத்துக்கொண்டு பங்கு பிரித்துக்கொண்டிருந்தது.

"இந்தப் பாப்பா உனக்கு. இந்தப் பாப்பா அத்தைக்கு."

"அத்தைக்கு எதுக்குடி பாப்பா?"

"அத்தைக்கும் வேணும்ல? இன்னும் கொஞ்ச நாள்ல பாப்பா அத்தைகிட்ட வந்துடுமே." சொன்ன வேகத்தில் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டது. "ஐயோ! அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க!"

சீப்பு பாதி முடியில் நின்றுவிட்டது.

"வேற என்னடி சொன்னாங்க?"

"ம்ஹும். சத்தியம் பண்ணியிருக்கேன்."

வெளியே பைக் உறுமியது. பொம்மைகளைப் போட்டுவிட்டு வாயாடி ஓடியது. பின்னல் பாதியிலேயே அவிழ்ந்து தொங்கியது.

கேமராக்கா வயிற்றின் மேல் கையை வைத்தாள். உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. "நீ சும்மா இரு. உன்னை எங்கேயும் விடமாட்டேன்" என்றாள் அதனிடம்.

*

பசங்களின் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நாத்தனார் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"தையல் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ரவிக்கை ஒண்ணு பிரிக்கக் குடுத்திருந்தேன்."

"போயிட்டு வாங்க அண்ணி" என்றாள் கேமராக்கா, பால் வடியும் முகத்தோடு.

நாத்தனார் ஒரு பச்சைப் பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கேமராக்கா கற்ற பாடம் ஒன்று உண்டு. எதையும் எடுக்காதவர்கள் பையை வீசிக்கொண்டு போவார்கள். எடுத்தவர்கள்தான் பையைப் பிள்ளை போல அணைப்பார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தையல் கடை தெருவின் இடதுபக்கம். நாத்தனார் வலதுபக்கம் திரும்பினாள்.

அடுத்த நிமிஷம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கேமராக்காவும் தெருவில் இருந்தாள். கூடவே பூசணியும்.

உட்கார்ந்த இடத்திலிருந்து மூன்று மாடியில் ஒரு திருடனைத் துரத்துவது சுலபம். முன்னால் ஒரு வயிறும் கையில் ஒரு பூசணியும் வைத்துக்கொண்டு ஒரே ஒரு நாத்தனாரைத் துரத்துவது அப்படியல்ல. நாலு வீடு தாண்டுவதற்குள் மூச்சு வாங்கியது. பூசணி நாய்க்கு நின்றான், தண்ணீர்த் தேங்கலுக்கு நின்றான், கட்டட வேலை செய்பவர்கள் குவித்து வைத்திருந்த மணலுக்கு நின்றே விட்டான்.

"அம்மா, அதோ அத்தை! அத்..."

அவன் வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்தாள். நல்லவேளை, நாத்தனார் திரும்பவில்லை. அவள் நடையும் விசித்திரமாக இருந்தது. எப்போதும் தட்தட்டென்று நடப்பவள், தரையில் முட்டை பரப்பியிருப்பதுபோல் பார்த்துப் பார்த்து அடி வைத்தாள். யாராவது பின்னால் வருகிறார்களா என்று பயப்படுகிறவளின் நடை என்று கேமராக்கா முடிவு கட்டினாள்.

கடைத்தெரு முடியும் முனையில் ஒரு பழைய மூன்று மாடிக் கட்டடம். நாத்தனார் அதற்குள் நுழைந்தாள். வாசலில் ஏகப்பட்ட பலகைகள். கண் மட்டத்தில் இருந்த முதல் பலகையிலேயே கேமராக்கா நின்றுவிட்டாள்.

வழக்கறிஞர் அலுவலகம். தத்து, சொத்து, விவாகரத்து.

அவள் கண் முதல் வார்த்தையைத் தாண்டிப் போகவே இல்லை.

ஆக, பேச்சு இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. அக்காவும் தம்பியும் சேர்ந்து பேசி முடித்து, வக்கீலையும் பார்த்தாயிற்று. பெற்றுக் கொடுக்கிறவளுக்கு மட்டும் 'மெதுவாக' சொல்வார்கள்!

தட்டாமல் கொள்ளாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேஜைக்குப் பின்னால் குமாஸ்தா ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க அவங்க?"

"யாரும்மா?"

"இப்ப உள்ள வந்தாங்களே, பச்சைப் பை வச்சிருக்கிறவங்க. உயரமா, கையில அடுப்புச் சூடு பட்ட தழும்பு இருக்கும்."

"பேக்கரி அம்மாவா? இன்னிக்கு வரலையே" என்றார் குமாஸ்தா. "போன வாரம் வந்து ஐயாவைப் பார்த்துப் பேசிட்டுப் போனாங்க."

கேமராக்கா மேஜையில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"எதுக்கு வந்தாங்க?"

"அதெல்லாம் வெளியில சொல்லக் கூடாதும்மா." அவர் பார்வை அவள் வயிற்றுக்குப் போய் மரியாதையாகத் திரும்பியது. "நீங்க இடம் மாறி வந்துட்டீங்கன்னு நினைக்கறேன். டாக்டரம்மா மேல, முதல் மாடியில."

டாக்டரம்மாவா?

அப்போதுதான் கை காலியாக இருப்பது உறைத்தது. பூசணியைக் காணோம். பகீரென்று வெளியே வந்தாள். மாடியிலிருந்து, பிஸ்கட் தின்று முடித்த வாயால், கட்டடமே அதிர ஒரு குரல் கேட்டது.

"அத்தை! உன்னைக் கண்டுபுடிச்சிட்டோம்!"

*

படியேறி வந்து சேர்ந்தபோது கேமராக்காவுக்குப் பேச மூச்சில்லை. அது நல்லதாகப் போயிற்று. பேச நினைத்திருந்ததெல்லாம் பேசியிருந்தால் பிறகு திரும்ப அள்ளியிருக்க முடியாது.

சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். அவற்றில் சின்னதும் பெரிதுமாக வயிறுகள். கடைசி நாற்காலியில் நாத்தனார். பூசணி அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு நின்றான். பச்சைப் பை திறந்திருந்தது. அவள் கைக்குள், கசங்கி, வியர்வையில் நனைந்து, மஞ்சள் தொப்பி.

நாத்தனாரின் முகம் வெளுத்துவிட்டது. திருடிப் பிடிபட்டவர்களின் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் கேமராக்கா. இது அந்த முகம் இல்லை. இந்த முகத்தில் இருந்தது பயம்.

"அண்ணி..." என்றாள். நாத்தனார் கையின் கீழே, புடவை மடிப்புக்குள், மெல்ல மேடிட்டிருந்ததை அவள் கண் அப்போதுதான் பார்த்தது. மூன்று வாரம் ஒரே வீட்டில் இருந்து, பதினாறு திரை பார்க்கிற கண் பார்க்காமல் விட்டது அது.

"எத்தனை மாசம்?"

"நாலு முடியப் போகுது."

பக்கத்து நாற்காலிப் பெண் தானே எழுந்து இடம் கொடுத்தாள். கேமராக்கா பொத்தென்று உட்கார்ந்தாள்.

"எங்ககிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"மூணு தடவை சொன்னேனே." நாத்தனார் தொப்பியைப் பார்த்தபடியே பேசினாள். "மூணு தடவையும் ஊரெல்லாம் சொன்னேன். அப்புறம் ஊரெல்லாம் போய், இல்லைன்னும் நானே சொன்னேன். நாலாவது தடவை சொல்றதுக்கு எனக்குத் தெம்பு இல்லைடி."

"பெரியவகிட்ட மட்டும் சொல்லியிருக்கீங்க."

"அவ என் வயித்துல தலை வச்சுப் படுத்தா. உள்ள யார் அத்தைன்னு அவளே கேட்டுட்டா. பொய் சொல்ல வரல." கொஞ்சம் சிரித்தாள். பிறகு தொப்பியை நீட்டினாள். "இதை எடுத்தது தப்புதான். உன் பிள்ளைங்க ரெண்டும் போட்டு, கல்லுக்குண்டா வளர்ந்த தொப்பி. கையில வச்சிருந்தா ஒரு தைரியம். இன்னிக்குத் திருப்பி வச்சுடலாம்னுதான் இருந்தேன்."

கேமராக்கா தொப்பியை வாங்கவில்லை. நாத்தனாரின் விரல்களைத் தொப்பியோடு சேர்த்து மூடினாள். வெங்காய வாசனைக்கு எழுந்து ஓடியது, பூசணியைத் தூக்காதது, பார்த்துப் பார்த்து நடந்தது எல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்து வரிசையாக உட்கார்ந்தன. இரண்டு பெற்றவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். நாத்தனார் அவள் கையை விடவில்லை. டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்ததும் அறை முழுக்கக் கடகடவென்று சத்தம் நிறைந்தது.

"வாஷிங் மெஷின்!" என்றான் பூசணி.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார். "நல்லா ஓடுது உங்க மெஷின். பாரம் தூக்காதீங்க, மனசையும் போட்டு உழப்பிக்காதீங்க. ஆமா, உங்க வீட்டுக்காரர் இந்தத் தடவையும் வரலையா?"

"வெளியூர் வேலையா போயிருக்கார் டாக்டர்" என்றாள் நாத்தனார்.

தடுமாறாமல், கண் சிமிட்டாமல், பலமுறை சொல்லிப் பழகிய பொய்யின் வழவழப்போடு வந்தது பதில். கொஞ்சம் முன்னால்தான் பொய் சொல்ல வரவில்லை என்றவள்! கேமராக்காவின் மனதில் அவிழ்ந்த முடிச்சுக்குப் பக்கத்திலேயே இன்னொரு முடிச்சு விழுந்தது.

படியிறங்கும்போது இருவரும் கையைக் கோத்துக்கொண்டார்கள். பெரிய வயிறு, சின்ன வயிறு, நடுவில் படிக்குப் படி குதித்துக்கொண்டு பூசணி.

"அண்ணி, இங்க கீழே வக்கீலையும் பார்த்தீங்களாமே."

நாத்தனாரின் கால் ஒரு படியில் நின்றது.

"கேமராவை எங்கெல்லாம்டி வச்சிருக்கே?" என்றாள். குரலில் கேலி ஒட்டவில்லை. "உன் பிள்ளைக்காகப் போகல. அதை மட்டும் நம்பு."

"அப்போ குழாயைத் திறந்துவிட்டு, விட்டுக் கொடுக்க மாட்டேன்னு யார்கிட்ட பேசினீங்க?"

"பசங்க அசந்தப்புறம் எல்லாம் சொல்றேன். ஆனா ஒண்ணு. பிறக்கிற வரைக்கும் இது அவருக்குத் தெரியக் கூடாது."

"எந்த அவருக்கு? அண்ணனுக்கா? பிள்ளைக்கு அப்பாவுக்கே தெரியாதா?"

நாத்தனார் அடுத்த படியில் காலை வைத்தாள். பிடித்திருந்த கை மட்டும் இறுகியது, வலிக்கும் அளவுக்கு.

*

சாயந்திரம் புருஷன் வந்தபோது முகம் சரியில்லை. செருப்பைக் கழற்றும்போதே சமையலறைக்கு வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினான். கூடத்தில் பெரியவளும் பூசணியும் தலையணைகளை அடுக்கிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் நாத்தனார் அயர்ந்து படுத்திருந்தாள்.

"காலையில கேட்டியே, சொல்லிடறேன்" என்றான் தாழ்ந்த குரலில். "அக்கா இங்கேயே ஆறேழு மாசம் இருக்கட்டுமான்னு கேட்டா. நான் சரின்னுட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"இருக்கட்டுமே. நல்லா இருக்கட்டும்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். காலையில் பார்த்த பெண்டாட்டிதானா இவள்?

"விஷயம் அது மட்டும் இல்லை. இன்னிக்கு மாமா எனக்கு ஃபோன் பண்ணினார். உங்க அக்கா எங்கேன்னு கேக்கறார். அவர்கிட்ட சொல்லாமலே வந்திருக்கா! பேக்கரிக்குப் போறேன்னு போனவ திரும்பலையாம். மூணு வாரமா தேடறாராம். அடுப்பெல்லாம் நல்லாத்தான் எரியுதாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்றதுன்னே தெரியல. லிஃப்டுக்குள்ள இருக்கேன், கேக்கலைன்னு வச்சுட்டேன். ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்காதே, உன் மூஞ்சி சொல்லுது. அக்கா உன்கிட்ட ஏதோ சொல்லியிருக்கா. என்ன அது?"

"ஒண்ணுமில்லை."

"கேமரா..."

அவன் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. எடுத்துப் பார்த்தவன், சூடு பட்டதுபோல் அவளிடம் நீட்டினான்.

"அவர்தான். எனக்குப் பொய் சொல்ல வராது. நீயே பேசு."

கேமராக்கா உள்ளறையைப் பார்த்தாள். நாத்தனார் விழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மணிச் சத்தத்திலேயே அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது. இரண்டு கையும் வயிற்றை மூடியிருந்தன. தலை மட்டும் மெல்ல இப்படியும் அப்படியும் அசைந்தது. வேண்டாம். வேண்டாம்.

ஃபோனைக் காதில் வைத்தாள்.

"தங்கச்சி! நல்லா இருக்கியாம்மா? மாசமா இருக்கேன்னு கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கோ." தேனில் குழைத்த குரல். "உங்க அண்ணி அங்கேதானே இருக்கா?"

"இல்லையேண்ணா. இங்க வரவே இல்லையே. ஏன், என்ன ஆச்சு?"

நன்றாகத்தான் வந்தது. காலையில் மாடியில் நாத்தனார் சொன்னதைவிட வழவழப்பாகவே வந்தது. எதிரே நின்ற புருஷனின் வாய் பிளந்துகொண்டது.

மறுமுனையில் அவர் அவசரப்படவில்லை. குரலில் இருந்த தேனும் குறையவில்லை.

"அப்படியா, சரி. அப்போ இன்னிக்குக் காலையில டாக்டரம்மா கிளினிக் மாடிப்படியில உன் கையைப் புடிச்சுட்டு இறங்கி வந்தது யாரும்மா?"

கேமராக்கா ஃபோனை உள்ளங்கையால் பொத்தினாள். கூடத்தில் தலையணைக் கோட்டைக்குள்ளிருந்து பிள்ளைகள் கெக்கெக்கென்று சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வாசல் கதவு, புருஷன் விட்டு வந்தபடியே, பாதி திறந்து கிடந்தது.

"என்னங்க" என்றாள், குரல் எழும்பாமல். "முதல்ல போய் அந்தக் கதவைத் தாழ்ப்பாள் போடுங்க."